கோரி மீன் முதுகில் வெள்ளைத் திட்டு: செல்லூர் தொட்டியில் பார்த்ததும் செய்ததும்

கோரி என்று நாம் சுருக்கிச் சொல்லும் கோரிடோராஸ், தொட்டியில் வளர்க்கும் சிறிய கெளுத்தி மீன். அதன் உடம்பில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் நம்மூரில் உடனே வரும் பதில் "ஒயிட் ஸ்பாட்". வைத்தியமும் கையோடு வந்துவிடும்: நீல மருந்தை ஊற்று, கல்லுப்பைப் போடு, ஹீட்டரை 30-க்கு ஏற்று. இந்தக் கடைசி ஆலோசனைதான் எனக்குப் பயம். மே மாத மதுரையில், நோய் வேறொன்றாக இருந்தால், அது ஒரே ராத்திரியில் மீனைக் கொன்றுவிடும். அக்கா வீட்டுத் தொட்டியில் அந்த வேறொன்றுதான் வந்திருந்தது.

தொட்டி செல்லூரில் இருக்கிறது. மேற்குப் பார்த்த வீடு, கூடத்துச் சுவரில் மாலை ஏழு மணிக்குக்கூடச் சூடு அடிக்கும். நீளம் 3 அடி, அகலம் 1 அடி, உயரம் ஒன்றேகால் அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் என்று போட்டால் 106 லிட்டர் வரும். மேலே விட்ட இடம், அடியில் கிடக்கும் கல் இதெல்லாம் போக, உண்மையில் இருக்கும் தண்ணீர் 90 லிட்டர் அளவுதான். மருந்து வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். தொட்டி அளவை அப்படியே வைத்து மருந்து போட்டால் அளவு கூடிப்போகும், கோரி போன்ற செதில் இல்லாத மீன்கள் அதைத் தாங்காது. உள்ளே வெண்கலக் கோரி ஒரு கூட்டம், ஜீப்ரா டேனியோ, ஒரு சக்கர் மீன்.

சித்திரைத் திருவிழா முடிந்து கத்திரி தொடங்கிய நேரம். அக்கா மகன்தான் போன் செய்தான்.

"மாமா, கோரி முதுகுல வெள்ளையா என்னமோ ஒட்டியிருக்கு. கடை அண்ணன் ஒயிட் ஸ்பாட்டுன்னு சொல்லி மெத்திலீன் ப்ளூ குடுத்தாரு. ஊத்தட்டுமா?"

"ஊத்தாதடா. லைட்டை அணை, தீனி போடாத, ஏர் பம்பை முழுசா வை. நான் வந்து பாத்துக்கிறேன்."

அக்கா போனை வாங்கி, "தம்பி, அது செத்துப்போச்சுன்னா இவன் சோறு திங்க மாட்டான்டா, இன்னைக்கே வா" என்றாள்.

கூடத்து லைட்டை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பார்ப்பதுதான் நான் முதலில் செய்வது. நேராக அடித்தால் கோரியின் உடம்பை மூடியிருக்கும் எலும்புத் தட்டுகள் மின்னி எல்லாமே வெள்ளையாகத் தெரியும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் எது மேலே எழும்பி நிற்கிறது, எது தோலோடு ஒட்டிக் கிடக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியும். போன் கேமராவில் பெரிதாக்கிப் படமும் எடுத்துக்கொண்டேன், மறுநாள் பார்த்துத் திட்டு பரவியிருக்கிறதா என்று ஒப்பிட.

மூன்று கோரிகளில் திட்டு இருந்தது. பெரியதில், முதுகுத் துடுப்பின் அடியில் தொடங்கி இரண்டு பக்கமும் இறங்கியிருந்தது. காய்ச்சி ஆறிய பாலில் ஏடு படிந்த மாதிரி, தட்டையாக, மங்கலான வெள்ளை. ஓரத்தில் மட்டும் இலேசாக மஞ்சள். இன்னொன்றுக்கு வாயைச் சுற்றி வெளுத்து, மீசைகள் பாதியாகக் குட்டையாகியிருந்தன. மூன்றுமே அடிக்கடி மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கின. கோரி இப்படிச் செய்வது இயல்புதான். விழுங்கிய காற்றிலிருந்து குடல் வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் ஏறினால் தண்ணீரிலோ செவுளிலோ கோளாறு என்று அர்த்தம்.

ஒயிட் ஸ்பாட் இப்படி இருக்காது. அது இக் என்ற ஒட்டுண்ணியின் வேலை. தோலுக்கு அடியில் உட்கார்ந்து வளரும்போது, தூவிய உப்பு போல, ஏறக்குறைய ஒரே அளவில், தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும். ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. வளர்ந்து முடிந்ததும் மீனை விட்டு இறங்கி, கல்லிலோ செடியிலோ ஒட்டிக் கூடு கட்டும். அதற்குள் நூற்றுக்கணக்கில் பிரிந்து, குஞ்சுகளாக நீந்தி, அடுத்த மீனைத் தேடும். இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துப்போகும். மருந்து வேலை செய்வது இந்த நீந்தும் கட்டத்தில் மட்டும்தான், தோலுக்குள் இருப்பதை அது தொடாது. சூட்டை ஏற்றச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். சூடு கூடினால் இந்தச் சுழற்சி வேகமாகி, மருந்து வேலை செய்யும் கட்டம் சீக்கிரம் வரும். 30 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான இக் பெருகவே முடியாது. அந்தத் தொட்டியிலோ வெப்பமானி ஏற்கெனவே 32 காட்டியது. நடுத் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்த டேனியோக்களின் மேல் ஒரு புள்ளிகூட இல்லை. இக் வந்திருந்தால் அவற்றை விட்டுவைத்திருக்காது.

பூஞ்சை என்றால் பஞ்சு இழைகள் தண்ணீரில் அசையும். டார்ச் வெளிச்சத்தில் இழை இழையாகத் தெரியும், பெரும்பாலும் ஏற்கெனவே புண்ணான இடத்தில்தான் முளைக்கும். இங்கே இழையே இல்லை. எபிஸ்டைலிஸ் என்று ஒரு நுண்ணுயிர் உண்டு, இக் போலவே ஏமாற்றும். ஆனால் தோலுக்கு மேலே துருத்திக்கொண்டு, சிறிதும் பெரிதுமாக, கண்ணின் மேல்கூட உட்காரும். அதுவும் இல்லை. உடம்பு முழுவதும் சாம்பல் படலம் படிந்து, மீன் கல்லில் உரசிக்கொண்டே இருந்தால் தோல் ஒட்டுண்ணிகளையோ, கெட்டுப்போன தண்ணீரையோ சந்தேகப்படலாம். இவை உரசவில்லை, மூலையில் துடுப்பை மடக்கிக்கொண்டு கிடந்தன.

மிஞ்சியது காலம்னாரிஸ். ஃபிளேவோபாக்டீரியம் காலம்னாரே என்ற பாக்டீரியாவால் வருவது. முதுகில் சேணம் போட்டது போலத் திட்டு, வாயில் வெளுப்பு, மஞ்சள் ஓரம் எல்லாம் அதன் அடையாளங்கள். தண்ணீர் சூடாக ஆக அது வேகமெடுக்கும். குளிர்ந்த தண்ணீரில் நாள் கணக்கில் இழுக்கும் நோய், வெந்நீரில் மணிக்கணக்கில் ஆளை முடித்துவிடும். ஒயிட் ஸ்பாட் என்று நினைத்து ஹீட்டரைப் போடுவது அதற்குத் தீனி போடுவதுதான்.

சந்தேகத்தின் பேரில் ஆன்டிபயாட்டிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். பெரிய கோரியைக் காற்று நிரப்பிய பையில் போட்டு, பையைத் தெர்மாக்கோல் பெட்டியில் வைத்து அவருடைய ஆய்வகத்துக்கு எடுத்துப்போனோம். உயிருள்ள மீனாக இருப்பது முக்கியம். செத்த மீனில் கொஞ்ச நேரத்துக்குள் கண்ட கிருமியும் ஏறிவிடும், எது நோய், எது அழுகல் என்று பிரிக்க முடியாது.

அவர் கையை நனைத்து மீனைப் பிடித்து, கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டின் ஓரத்தால் திட்டின் மேல் தலையிலிருந்து வால் பக்கமாக ஒரே ஒரு இழுப்பு. வந்த கொழகொழப்பை ஒரு சொட்டுத் தொட்டித் தண்ணீரோடு ஸ்லைடில் வைத்தார். முதலில் குறைந்த பெரிதாக்கலில் தேடினார். இக் என்றால் உருண்டையாக, லாட வடிவ உட்கருவோடு மெதுவாகச் சுழலும். கிடைக்கவில்லை. 400 மடங்குக்கு மாற்றிவிட்டு, "கொஞ்சம் பொறுங்க, உடனே தெரியாது" என்றார். சற்று நேரம் கழித்து என்னைப் பார்க்கச் சொன்னார். மெல்லிய நீளக் குச்சிகள், நீந்தாமல் வழுக்கிக்கொண்டே நகர்ந்தன. தோல் துணுக்கின் ஓரத்தில் அவை கூட்டமாகச் சேர்ந்து தூண் தூணாக எழும்பி நின்றன. 1922-ல் அமெரிக்காவில் டேவிஸ் என்பவர் மிசிசிப்பி ஆற்று மீன்களில் இந்த நோயை விவரித்ததும் இந்தத் தூண்களை வைத்துத்தான். உறுதிப்படுத்த வேண்டுமானால் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்றார் நண்பர். ஆனால் திட்டின் தோற்றம், தண்ணீர் சூடு, இந்தத் தூண்கள் மூன்றும் சேர்ந்த பிறகு காத்திருக்க வேண்டியதில்லை என்றும் அவரே சொன்னார்.

தண்ணீர்ப் பரிசோதனை மீதிக் கதையைச் சொன்னது. அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், பிஎச் 8. கிட்டில் இலேசான பச்சைதான் காட்டும், பெரிதாகத் தெரியாது. ஆனால் மொத்த அம்மோனியாவில் விஷமான பங்கு எவ்வளவு என்பதைச் சூடும் பிஎச்சும்தான் முடிவு செய்கின்றன. பிஎச் 7, 25 டிகிரியில் அது 100-க்கு ஒரு பங்கைக்கூட எட்டாது. பிஎச் 8, 30 டிகிரியில் 7 பங்கைத் தாண்டும். அதே 0.5, பத்து மடங்குக்கு மேல் கொடுமையானதாகிவிடுகிறது. ஆக்சிஜனும் அப்படித்தான். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் கரையும், 32-ல் 7.3 தான். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அன்று நாள் முழுக்க ஃபில்டர் நின்றிருக்கிறது. கடும் சூடு, நின்ற தண்ணீர், கல்லுக்கடியில் அழுகிய தீனி. காலம்னாரிஸ் கிருமி பல தொட்டிகளில் சும்மா இருக்கும். மீன் தளர்ந்த நேரத்தில்தான் அது தலைதூக்கும்.

வைத்தியத்துக்கு 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று. அடியில் எதுவும் போடவில்லை, ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டி ஓடு, இரண்டு ஏர் ஸ்டோன். தொட்டித் தண்ணீரையே நிரப்பினோம். கோரியை வலையில் பிடிக்கக் கூடாது. முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்பிலும் விறைப்பான முள் இருக்கும், வலையில் மாட்டினால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும், திட்டு விழுந்த தோல் கிழிந்துவிடும். பெரிய டம்ளரைத் தண்ணீருக்குள் சாய்த்து வைத்து, கையால் மெதுவாக உள்ளே ஓட்டினால் போதும். மருமகன் இதை என்னைவிட நன்றாகச் செய்தான்.

அடுத்தது சூட்டை இறக்குவது. ஒரேயடியாக ஐஸைப் போட்டால் மீன் அதிர்ச்சியிலேயே போய்விடும். டேபிள் ஃபேனைத் தண்ணீர் மட்டத்தின் மேல் அடிக்கும்படி வைத்தோம். சென்னைப் புழுக்கத்தைவிட மதுரையின் வறண்ட காற்றில் இது நன்றாகவே வேலை செய்யும், ஆவியாகும் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மாற்றுவதற்கான தண்ணீரை, குடிதண்ணீருக்குப் பழகிய பழைய மண்பானையில் ராத்திரியே நிரப்பி, ஆன்டி குளோரின் போட்டு வைத்தோம். மாடி சின்டெக்ஸ் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் பானைத் தண்ணீர் தொட்டாலே சில்லென்று இருக்கும். இப்படி மெதுவாக 27-க்குக் கொண்டுவந்தோம். ஃபேன் ஓடினால் தண்ணீர் வேகமாக வற்றும், ஆனால் உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் வற்றியதை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும், போர் தண்ணீர் கூடாது.

உப்பைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. கோரிக்கு உப்பே ஆகாது என்பவர்களும் உண்டு, கைப்பிடி அள்ளிப் போடுபவர்களும் உண்டு. நான் நடுவழியில் போகிறவன். சமையலறைத் தராசில் 20 கிராம் தூத்துக்குடிக் கல்லுப்பை நிறுத்து, தனியாகக் கரைத்து, டப்பாவில் பல தடவையாகச் சேர்த்தேன். லிட்டருக்கு ஒரு கிராம். மீன் தடுமாறவில்லை என்று பார்த்த பிறகு மறுநாள் இன்னொரு 20 கிராம். அதோடு நிறுத்தியாயிற்று. தண்ணீர் மாற்றும்போது, எடுத்த தண்ணீருக்கு மட்டும்தான் உப்பு சேர்க்க வேண்டும்: 6 லிட்டர் எடுத்தால் 12 கிராம். உப்பு இந்த நோயை ஒழிக்காது. புண்பட்ட தோல் வழியாக மீன் இழக்கும் உப்புச் சத்தை ஈடுகட்டி, தாக்குப்பிடிக்க உதவும்.

மருந்துக்குக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் போனோம், நண்பர் எடுத்த ஸ்லைடுப் படத்தோடு. ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதிக்கொடுத்தார். இதில் நம்மூருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளைத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பிடித்துக்கொள்ளும். கெட்டில் அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டுகிற மதுரை போர் தண்ணீரில் மருந்தைக் கரைத்தால் பெரும்பகுதி மீனைச் சேரவே சேராது. மருந்து போட்டும் மீன் பிழைக்கவில்லை என்று பலர் சொல்வதில் இதற்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன். அதனால் தீனியில் கலந்து கொடுப்பதுதான் முதல் வழி. தின்னாத மீனுக்கு மட்டும் குளியல், அதுவும் ஆர்ஓ தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கடினத்தைக் குறைத்த பிறகு.

தீனி செய்தது அக்காதான். ரமலானுக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்த கடல்பாசி மிச்சம் இருந்தது. அதைக் கொஞ்சமாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அடியில் மூழ்கும் குருணைத் தீனியைப் பொடித்ததையும், மீன்களின் எடைக்கு மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுத்த மருந்தையும் கலந்து, தட்டில் மெல்லிசாக ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தாள். இறுகியதும் மிளகில் பாதி அளவுக்கு நறுக்கிப் போட்டால் அடியில் போய் உட்காரும், தண்ணீரில் கரையாது. கோரிக்குத் தேவையானது அதுதான். கொதிக்கும்போதே மருந்தைக் கலக்கக் கூடாது, சூட்டில் வீரியம் போய்விடும். குளியல் டப்பாவை இருட்டாக மூடி வைத்தோம். வெளிச்சம் பட்டால் இந்த மருந்து சிதைந்து தண்ணீர் செம்பழுப்பாகும், மேலே நுரை கட்டும்.

தெரிந்தவர் ஒருவர் பொட்டாசியம் பர்மாங்கனேட் போடச் சொன்னார். மீன் பண்ணைகளில் இந்த நோய்க்கு அதைப் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் பிஎச் கூடிய தண்ணீரில் அது மாங்கனீசு டை ஆக்சைடாகப் படிந்து செவுளை அடைக்கலாம், ஏற்கெனவே மூச்சு வாங்கும் மீனுக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கடையில் கொடுத்த மெத்திலீன் ப்ளூவும் பிரிக்காமலே இருக்கிறது. பூஞ்சைக்கும் முட்டைகளுக்கும் நல்ல மருந்து, ஆனால் பெரிய தொட்டியில் ஊற்றினால் அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும். இந்தத் தொட்டிக்கு இருந்த பிரச்சினையே அம்மோனியாதான்.

வாய் வெளுத்த கோரி பிழைக்கவில்லை. தீனியை முகர்ந்துவிட்டு ஒதுங்கிவிட்டது, குளியலும் உதவவில்லை. செவுளைத் திறந்து பார்த்தபோது சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறிச் சிதைந்திருந்தது. செவுளில் இறங்கிவிட்ட காலம்னாரிஸைத் திருப்புவது கடினம். மருமகன் அன்று முழுக்கப் பேசவில்லை.

மற்ற இரண்டும் தின்றன. முதலில் தெரிந்த மாற்றம், மஞ்சள் ஓரம் மறைந்தது. திட்டு சிறிதாகவில்லை, ஆனால் படத்தோடு ஒப்பிட்டால் பெரிதாகவும் இல்லை. அதுவே நல்ல சேதி. பிறகு நடுவில் வெள்ளை கழன்று இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. அப்புறம் ஓரத்திலிருந்து உள்நோக்கி நிறம் ஏறியது. தேறிவிட்டதே என்று மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொன்ன பத்து நாள் முழுவதும் கொடுத்தோம். மிச்ச மருந்துத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல், வெயில் விழும் வெற்றுத் தரையில் ஊற்றினோம்.

இதற்கிடையில் சக்கர் மீனின் பக்கவாட்டிலும் ஒரு வெள்ளை இருந்தது, மருமகன் அதையும் பிடித்து டப்பாவில் போடலாம் என்றான். அது வேறு. கூரான எல்லை, உள்ளே குழிந்திருந்தது, படலம் இல்லை, நாளுக்கு நாள் மாறவும் இல்லை. பவர் ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைந்து தேய்த்துக்கொண்ட காயம். சுத்தமான தண்ணீரே மருந்து, தானாக ஆறிவிட்டது. சக்கர் மீனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது ஒரு அடிக்கு மேல் வளரும். பெரிதாகிவிட்டதே என்று வண்டியூர் கண்மாயிலோ வைகையிலோ விட்டுவிடாதீர்கள். தென் அமெரிக்க மீன், இங்கே பெருகி நம் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பெரிய தொட்டியை அப்படியே விட்டிருந்தால் மீன்கள் திரும்பிப் போய் அதே நோயை வாங்கியிருக்கும். பச்சையும் நீலமுமாகக் கிடந்த கலர் கல்லை அள்ளியபோது அடியிலிருந்து அழுகிய நாற்றம் வந்தது. கோரி மூக்கைப் புதைத்து மேயும் மீன். கூரான கல்லும் அழுக்கும் சேர்ந்து மீசையைத் தேய்த்துவிடும், கிருமிக்கு அங்கேயே வாசல் திறந்துவிடும். நீச்சல் குள ஃபில்டருக்குப் போடும் உருண்டை சிலிக்கா மணலை, தண்ணீர் தெளியும்வரை அலசி, ஓர் அங்குலத்துக்குக் குறைவாகப் பரப்பினோம். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் மலிவாகக் கிடைக்கிறதே என்று போட வேண்டாம், அது உடைத்த பாறை, ஓரமெல்லாம் கூர். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவாமல், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து கழுவினோம்.

தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து உள்ளறைப் பக்கம் நகர்த்தியாயிற்று. மின்தடைக்கு, யூஎஸ்பி ஏர் பம்ப் ஒன்றைப் பவர் பேங்கில் மாட்டி வைத்திருக்கிறோம். புதிதாகக் கோரி வாங்க வேண்டும் என்று மருமகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பெப்பர்டு கோரி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். டார்வின் பீகிள் கப்பலில் போனபோது சேகரித்த மீன்களில் ஒன்று அது, 1842-ல் விவரிக்கப்பட்டது, பார்க்கவும் அழகு. ஆனால் குளிர்ந்த தண்ணீர் மீன், நம் கத்திரிக்கு ஆகாது. ஸ்டெர்பாய் கோரி ஓரளவு சூடு தாங்கும். எதை வாங்கினாலும் வெயில் தணிந்த பிறகு, அதே 20 லிட்டர் டப்பாவில் ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரிய தொட்டிக்கு. டப்பா, டம்ளர், சைஃபன் குழாய் எல்லாவற்றையும் கழுவி மாடியில் நன்றாக வெயிலில் காயவைத்து, பெரிய தொட்டிச் சாமான்களோடு கலக்காமல் தனிப் பையில் கட்டி வைத்திருக்கிறான்.